இரும்பு கூடாது

நைனா,

புதன்கிழமை காலை நீயும் அனிதாவும் புனேவுக்கு ரயில் ஏறுகிறீர்கள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, அதற்குள் வீடு பெட்டியும் அட்டைப்பெட்டியுமாகக் கிடக்கிறது. உன் அப்பா ஐ.டி. ஆட்களை ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டினாலும் ஓட்டினார், உலகத்தில் இருக்கிற எல்லாக் கம்பெனியும் தனக்குத் தெரியும் என்கிற நினைப்பு அவருக்கு. தெருவில் போகிறவர்களை நிறுத்தி, "பையன் புனாவுக்குப் போறாம்பா. கார் நிறுத்துற எடத்தையெல்லாம் இனிமே இவந்தான் வரையப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டபடியே சட்டைகளை மடிக்கிறாய். கார் நிறுத்துமிடம் வரையவா இத்தனை பாடுபட்டாய் என்று கேட்க எனக்கு ஆசைதான். கேட்கிற வாய் எனக்கு இல்லை. ஏன் இல்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் ஒன்பதாவது வரை படித்தவள். உனக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. எழுத வேண்டிய தூரத்துக்கு நீ போனதும் இல்லை. ஊருக்குப் போகிற பிள்ளைக்கு அம்மா எழுதினால் வேளாவேளைக்குச் சாப்பிடு, கட்டினவளை அழ வைக்காதே என்றுதான் எழுத வேண்டும். அதையெல்லாம் நீயே செய்வாய். முதலில் இதைப் படி. சிறுசேரிக் கட்டடத்து மொட்டை மாடியில் நீ போட்ட புல்வெளி ஒழுகியதே, அது உன் கணக்குத் தப்பியதால் இல்லை. தண்ணீர் இறங்காமலிருக்க அடியில் விரித்த ஷீட்டைப் புல்லின் வேர் துளைத்ததாலும் இல்லை. நான்தான் துளைத்தேன், களைக்கொத்தால். ஒன்பது மாதமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போவதில்லை. நீ மட்டும் படித்தால் போதாது. அனிதா படிக்கட்டும், அவள் அப்பா படிக்கட்டும், அந்தக் கட்டடத்து மேனேஜரும் படிக்கட்டும்.

என் கையைப் பற்றி உனக்குத் தெரியும். மற்றவர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒன்பதாவது முடித்த கோடையில் என் அம்மா என்னைக் களையெடுக்கக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. செங்கல்பட்டிலிருந்து வேடந்தாங்கல் வரைக்கும் நான் குனியாத கழனி குறைவு. அதில் ஒரு சாண்கூட நமக்குச் சொந்தமில்லை. நெல்லென்றால் சேற்றில் நின்று கையால், வேர்க்கடலையென்றால் உட்கார்ந்து களைக்கொத்தால். ஏரிக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் எங்கள் முதுகைப் பார்த்தபடி காரில் போவார்கள். யாராவது வயல் வேலை அழகு, கிராமத்து வாழ்க்கை நிம்மதி என்று பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: என் வரிசை எப்போதும் சுத்தமாக இருக்கும். கோரை, அருகு, கொழுக்கட்டைப்புல், எது முளைத்திருந்தாலும் கண் பார்ப்பதற்குள் கை பிடுங்கிவிடும். "உன் வரிசையில சோறு போட்டுத் துன்னலாம்டி" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். என் வாழ்க்கையில் நான் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான்.

இப்படிப்பட்டவளின் பிள்ளை நீ, சிவில் படித்து, நாவலூரில் தோட்டம் அமைக்கிற ஆபீசில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் வந்து, "அம்மா, நான் தனியா தொழில் பண்ணப் போறேன். மாடி மேல புல்லு வளக்கப் போறேன்" என்றாய். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு "இன்னாது?" என்றேன். நீ பொறுமையாகச் சொன்னாய். "பெரிய பெரிய அபார்ட்மென்ட்ல எல்லாம் சீமைப்புல்லு போட்டுட்டு தெனம் லாரித் தண்ணி ஊத்தினு கீறாங்கம்மா. நம்ம ஊரு புல்லுக்கு மழை போதும். வெயில்ல காஞ்சி கெடக்கும், ஆனா செத்துப் போவாது. மழை வந்தா எழுந்துக்கும். கீழ கீற ரூமு வெயில்ல கொதிக்காது." முப்பது வருஷம் நான் பிடுங்கிப் போட்டதை நீ விதைத்து வளர்க்கப் போகிறாய் என்பது எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தேன். சிரித்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். இந்த மண்ணை விட்டு நீயாவது ஏறிப் போவாய் என்று நினைத்தால், மண்ணைத் தூக்கி மாடிக்கே கொண்டுபோகிறேன் என்கிறாயே என்று இருந்தது.

முதலில் போட்டுப் பார்க்க நீ தேர்ந்தெடுத்த இடம் நம் வீட்டுக் கக்கூஸ் கூரை. நாலு முழம் அகலம் இருக்குமா? அதன் மேல் ஷீட் விரித்து, தண்ணீர் வடிய வலை போட்டு, துணி போட்டு, செங்கல்தூளும் தேங்காய்நார்த் தூளும் கலந்த மண்ணைப் பரப்பினாய். எதிர்வீட்டுக்காரர் உன் அப்பாவிடம், "இன்னா அண்ணாத்த, மாட்ட மேல ஏத்தி மேய்க்கப் போறியா?" என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்து இரண்டு நாள் அந்தக் கக்கூசுக்கே போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டு வந்து, "உள்ள ஜில்லுனு கீதுடி" என்று என் காதில் மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர்தான் உனக்கு விளம்பர ஏஜெண்ட்.

விதைக்காக என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாகச் சுற்றினாய். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடற்கரை மணலுக்கும் போனோம். கடலோரத்தில் ஒரு ரிசார்ட்டுக்காரர் கேட்டிருந்தார் என்று மணலில் படர்கிற அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் தேடினோம். இராவணன் மீசை என்றால் மீசை இல்லை, மணல்மேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற முள்ளுப் புல். என் கையெல்லாம் கிழிந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீன்காரர் நம்மை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாம்மா பொறுக்கிகினு கீறீங்க?" என்றார். புல் விதை என்றேன். "இதயா? இதுக்கு விதை வேறயா? போன வருஷம் மீனு இல்லாம பேஜாராப் போச்சு. தெரிஞ்சிருந்தா புல்லையாச்சும் வாரிகினு வந்து வித்திருப்போமே" என்று சிரித்தார். நீயும் சிரித்து, அவரிடம் எந்தப் பக்கம் காற்று அதிகம், எந்த மேட்டில் கொடி நிலைக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாய். திரும்பி வரும்போது, எந்தப் புல் எப்போது விதை உதிர்க்கும், எது படரும், எது குத்தாக நிற்கும் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். பகையாளியைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பதுபோல அத்தனையும் எனக்குத் தெரிந்திருந்தது. "நீதாம்மா என் பொஸ்தகம்" என்றாய். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததால் என் முகத்தை நீ பார்க்கவில்லை.

அப்புறம் சிறுசேரி வந்தது. அவ்வளவு பெரிய மாடி. கட்டடம் எவ்வளவு கனம் தாங்கும் என்று நீ ராத்திரி பகலாகக் கணக்குப் போட்டாய். மழையில் நனைந்த மண் எவ்வளவு எடை, நான்கு மூலையிலும் தண்ணீர் போகிற வாய்கள் எத்தனை அகலம், அதைச் சுற்றிக் கூழாங்கல் எவ்வளவு தூரம் என்று வரைந்து வரைந்து கிழித்தாய். மண் மொத்தம் ஆறு விரல் ஆழம்தான்; அதற்குக் கீழே துணி, வலை, கடைசியில் அந்த ஷீட். பராமரிக்க இரண்டு பேர் வேண்டும் என்று என்னையும் பக்கத்துத் தெரு கிளாராவையும் வேலைக்கு வைத்தாய். எங்களுக்கு நீ வைத்த விதி இரண்டே இரண்டு. ஒன்று, பறவை எச்சத்தில் வந்து முளைக்கிற அரசு, ஆல், வேலிக்காத்தான் கன்றுகளை மட்டும் பிஞ்சிலேயே கையால் எடுக்க வேண்டும். புல்லைத் தொடக் கூடாது, தை மாதம் விதை உதிர்ந்த பிறகு ஒருமுறை மேலாக அறுத்தால் போதும். இரண்டாவது விதியை மாடிக் கதவில் சிவப்புப் பெயிண்டால் நீயே எழுதினாய்: இரும்பு கூடாது. மண்ணைக் கிளறுவதற்கு மரத்துடுப்பு வாங்கிக் கொடுத்தாய். கிளாரா அதைப் பார்த்து, "இன்னாக்கா இது, களி கிண்டற மாதிரி கீது" என்றாள். முதல் மழைக்கு அந்த மாடி முழுக்க ஊசிப்புல்லும் தும்பையும் எழுந்து நின்றபோது சிட்டுகளும் தட்டான்களும் வந்தன. எட்டாவது மாடியில் தட்டான். நீ சின்னப் பிள்ளைபோல அதன் பின்னால் ஓடினாய்.

கோடையில் எல்லாம் காய்ந்தது. காயும் என்று நீ சொல்லியிருந்தாய், மேனேஜருக்கும் எழுதிக் கொடுத்திருந்தாய். எனக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, பார்ப்பது வேறு. வைகாசியில் அந்த மாடி பழுப்பாகப் பரட்டைத் தலைபோல நின்றது. ஒருநாள் டீ குடிக்க மேலே வந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "என்னடி இது, ஒரே களையா இருக்கு. யாரும் மெயின்டெயின் பண்றதில்லையா?" என்றாள். அவள் எங்களைச் சொல்லவில்லை, நாங்கள் அங்கே உட்கார்ந்திருந்ததையே கவனிக்கவில்லை. ஆனால் களை என்கிற அந்த வார்த்தை என் மேல் விழுந்தது. என் வரிசையில் களை என்று யாரும் சொன்னதில்லை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைதான் அனிதா வீட்டிலிருந்து உன்னைப் பார்க்க வருவதாக இருந்தது. அவள் அப்பா ரயில்வேக்காரர், போனிலேயே சொல்லிவிட்டார்: "வூட்டப் பாத்துட்டு அப்டியே மாப்ள வேல செய்யற எடத்தையும் ஒரு தபா பாத்துடலாம்." பெண் கொடுக்கிறவர்கள் வந்து பார்க்கும்போது, என் பிள்ளையின் தொழில் காய்ந்த களையாக நிற்குமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. படித்த பிள்ளை, அம்மா பிடுங்கினதைத்தான் வளர்க்கிறானா என்று ஒருவர் கேட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று இருந்தது.

சனிக்கிழமை நாஸ்தா டப்பா வைக்கிற பையில் என் பழைய களைக்கொத்தை வைத்துக் கொண்டுபோனேன். படிக்கட்டு ஏறினதும் கண்ணில் படுகிற அந்த ஒரு பகுதியை மட்டும் சுத்தம் செய்வது என்று முடிவு. கிளாரா பார்த்துவிட்டாள். "யக்கா, இன்னாக்கா இது? தம்பி கதவுல எழுதி வச்சிகீதே, கண்ணு தெரியல?" என்றாள். "ஒரு ஓரந்தாண்டி. சம்மந்தி வூட்ல வராங்க. நீ பேசாம இரு" என்றேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு மறுகோடிக்குப் போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். நான் உட்கார்ந்து வரிசை பிடித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாகக் கட்டிப்போட்டிருந்த கையை அவிழ்த்துவிட்டது போலிருந்தது. ஒரு பெரிய கொழுக்கட்டைப்புல் குத்து மட்டும் வரமாட்டேன் என்றது. வேர் துணியைக் கவ்விப் பிடித்திருந்தது. கழனியில் செய்வதுபோல ஓங்கிப் போட்டேன். துணி கிழிந்து வலை விலகியது. விடாமல் இன்னும் நாலைந்து போட்டேன். கொத்தின் நுனி தோல் மாதிரி எதிலோ இறங்கி மீண்டது. மண்ணில் இறங்கினால் அப்படி இருக்காது. அது எது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். தெரியவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். மண்ணைத் தள்ளி மூடினேன். ரோட்டோர நர்சரியில் வாங்கி வைத்திருந்த சாமந்தியையும் டேபிள் ரோசையும் அதன் மேல் நட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அனிதாவின் அப்பா பூவைப் பார்த்து, "ஜோரா கீது" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அனிதா பூவைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அத்த, இங்க வந்து பாருங்க. இந்தக் காஞ்ச புல்லுலதான் காத்து தெரியுது" என்றாள். நைனா, அந்தப் பெண் உன்னைக் கட்டிக்கொண்டது அந்தப் பழுப்புப் புல்லைப் பார்த்துத்தான், என் சாமந்தியைப் பார்த்து இல்லை. நான் சுத்தம் செய்த இடத்தைப் பார்த்துவிட்டு நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். "புடுங்கிட்டியாம்மா?" என்றாய். ஆமாம் என்றேன். "கையாலயா?" கையால்தான் என்றேன். "சரி வுடு, அடி வேரு இருக்கும். மழைக்கு வந்துடும்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாய். கோபித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

நீ சொன்னபடியே ஆடி ஆவணி மழைக்குப் புல் வந்தது, என் சாமந்தியை அமுக்கிக்கொண்டு வந்தது. உனக்கு நிச்சயதார்த்தமும் நடந்தது. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை கொட்டியபோது மாடிக்கு நேர் கீழே இருந்த பயிற்சி ஹாலின் கூரைப் பலகைகள் தண்ணீரோடு பெயர்ந்து விழுந்தன. காலை நேரம், உள்ளே யாரும் இல்லை. அது ஒன்றுதான் கடவுள் எனக்குக் காட்டிய தயவு. நீ அந்த இடத்தைத் தோண்டினாய். ஷீட்டில் நாலைந்து கிழிசல், ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளை வெள்ளையாகப் புல் வேர் இறங்கியிருந்தது. கிழிசல் இருந்ததால் வேர் இறங்கியது. ஆனால் பார்த்தவர்களுக்கு வேர் கிழித்த மாதிரிதான் தெரிந்தது. நீ நனைந்தபடி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "மேல யாராச்சும் இரும்பு எடுத்துகினு வந்தாங்களாம்மா?" என்று கேட்டாய். கிளாரா என்னைப் பார்த்தாள். நான், "இல்லியே" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரியும். நாட்டுப் புல்லின் வேர் முரட்டு வேர், அது மாடிக்கு ஆகாது என்று பேசினார்கள். நீயும் நாள் கணக்கில் உன் வரைபடங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஷீட்டைத் தேர்ந்தெடுத்ததில் தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாய். அந்த மாடிப் புல் முழுவதையும் சுரண்டி மூட்டை கட்டி இறக்கினார்கள். இப்போது அங்கே வெள்ளை டைல்ஸ். புல் போடச் சொல்லியிருந்த செங்கல்பட்டுப் பள்ளிக்கூடத்திலும் மாமல்லபுரம் ரிசார்ட்டிலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ ஆபீசைக் காலி செய்தாய். விதை டப்பாக்களை நம் வீட்டுப் பரணில் ஏற்றினாய். கல்யாணம் முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்ததும், புது மருமகள் முன்னால் எப்படி என்று நினைத்தேன். பயந்தவளுக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒரு மோட்டார் கொட்டகை ஞாபகம் வந்தது. உனக்கு அப்போது ஒன்பது பத்து வயது, பள்ளிக்கூடம் லீவு, என்னோடு கழனிக்கு வந்திருந்தாய். கொட்டகையில் மீட்டர் பெட்டியின் கண்ணாடி உடைந்து கிடந்தது. கழனிக்காரர் எல்லோரையும் கூப்பிட்டு, "எவண்டா ஒடச்சது?" என்று கத்தினார். நான் உன்னை முன்னால் தள்ளி, கையைக் கிள்ளினேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான்தான்" என்றாய். ஓர் அறை விட்டு அனுப்பிவிட்டார். உடைத்தாயா இல்லையா என்று நான் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரப்பில் நடந்து வரும்போது, கன்னத்தைத் தடவிக்கொண்டு, "நான் எப்பம்மா ஒடச்சேன்?" என்று கேட்டாய். "பேசாம வா" என்றேன். யாராவது குற்றம் சொன்னால் உடனே குனிந்து ஏற்றுக்கொள்வது உனக்குப் பிறவிக் குணம் என்று உன் அப்பா சொல்வார். பிறவிக் குணம் இல்லை, நான் பழக்கிவிட்டது. பெரிய மனிதர்கள் கத்தினால் முதலில் தலையைக் குனி, உண்மையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நான்தான் உன்னை வளர்த்தேன். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இனிமேல் எந்தத் தாளை நீட்டினாலும், நீ செய்ததுதானா என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதே. யாருக்காகவும் போடாதே, எனக்காகவும் போடாதே.

கிளாரா இப்போது அதே கட்டடத்தில் கூட்டிப் பெருக்குகிறாள். நீ புனே போவதாகக் கேள்விப்பட்டுப் போன வாரம் வந்தாள். "நான் சொல்ல மாட்டேங்கா. ஆனா உன் புள்ள தன் தொழில வுட்டுட்டு ஓடுது. நீ பாத்துகினு குந்திகினு கீற" என்றாள். அவள் போனதும் பரணில் ஏறினேன். நீ வெட்டி எடுத்து வந்த ஷீட் துண்டு, விதை டப்பாக்களுக்குப் பின்னால் ஒரு கவரில் இருந்தது. என் களைக்கொத்தின் நுனியை அதன் கிழிசலில் வைத்தேன். செய்து வைத்தது போலப் பொருந்தியது. நீயும் வைத்துப் பார். இரண்டையும் உன் பெட்டி மேல் வைத்திருக்கிறேன். கிழிசல் எல்லாம் நேர்க்கோடு, எல்லாம் ஒரே அகலம். எந்த வேரும் அப்படிக் கிழிக்காது. உனக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்றுகூட சில சமயம் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்துதான் கவரில் போட்டு மறைத்து வைத்தாயா? கேட்கப் பயமாக இருக்கிறது.

சனிக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சிறுசேரிக்குத்தான் போனேன். உன்னிடம் முதலில் சொன்னால் நீ என்னைப் போக விடமாட்டாய், பழியை நீயே வைத்துக்கொள்வாய் என்று தெரியும். வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி களைக்கொத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, யார வெட்ட வந்த?" என்றான். உள்ளே விடவில்லை. கிளாரா போய்ச் சொல்லி மேனேஜர் கீழே இறங்கி வந்தார். ரோட்டோரத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பையனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இனிமேல்தான் சொல்ல வேண்டும் என்றேன். "வாயால சொன்னா பத்தாதும்மா, எழுதிக் குடுங்க. அந்த ஸ்கூல்லயும் ரிசார்ட்லயும் எங்களைக் கேட்டப்போ நாங்கதான் இந்தப் புல்லு வேணாம்னு சொன்னோம். எழுத்துல இருந்தா நானே அவங்களுக்கு அனுப்பறேன்" என்றார். அதிகாரிக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அன்புள்ள ஐயா என்று ஆரம்பித்து நாலு தாளைக் கிழித்தேன். உனக்கென்றால் எழுத வந்தது. அதனால்தான் அவருக்கும் இதையே கொடுக்கப் போகிறேன்.

புனேவுக்குப் போகாதே என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பதும் உன் வாழ்க்கையில் இன்னொரு முறை கைவைப்பதுதான். டிக்கெட் எடுத்திருக்கிறாய், அனிதா ஆசையாக இருக்கிறாள், போய் வா. ஆனால் உன் கணக்குத் தப்பு, உன் புல் தப்பு என்று நினைத்துக்கொண்டு போகாதே. கக்கூஸ் கூரையில் அதே ஷீட்தான், அதே கொழுக்கட்டைப்புல்தான். மூன்று வருஷ மழையைப் பார்த்துவிட்டது, உள்ளே ஒரு சொட்டு ஈரம் கிடையாது. காரணம் உனக்குத் தெரியும்: அவ்வளவு சின்ன இடத்தில் கொத்தோடு உட்கார எனக்கு வழியில்லை. பரணில் இருக்கிற விதைகளை எலி தின்னாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கையால் மட்டும் தொடுவேன்.

கடைசியாக ஒன்று. இதை மேனேஜருக்காக எழுதவில்லை, ஆனால் அவர் படித்தாலும் பரவாயில்லை. மோட்டார் கொட்டகையில் உன்னை நான் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. அன்று காலை அந்தச் சுவரில் மாட்டியிருந்த களைக்கொத்தை அவசரமாக இழுத்தது நான். அதன் நுனி பட்டுத்தான் கண்ணாடி உடைந்தது. நான் என்று சொன்னால் வேலை போகும், பிள்ளை என்றால் ஓர் அறையோடு போகும் என்று நினைத்து உன்னைக் கிள்ளினேன். வரப்பில் நீ கேட்டதற்கு நான் இத்தனை வருஷமாகப் பதில் சொல்லவில்லை. நீ உடைக்கவில்லை, நைனா. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

அம்மா